ஐந்து சதவீத உத்தரவாதம்

பொதுப்பணியும் பொதுப்பணமும்: பகுதி 7

சென்ற பகுதியை மராமத்து இலாகாவோடு நிறுத்தியிருந்தோம். சென்னை மாகாணத்தில் ஏரியும் வாய்க்காலும் வருவாய் வாரியத்திடம், சாலைகள் தனி அதிகாரி ஒருவரிடம், படைக் கட்டடங்கள் மிலிட்டரி போர்டிடம் என்று வேலைகள் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே இலாகாவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1852-ல் அமைந்த விசாரணைக் குழு சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் டல்ஹௌசி பிரபு பொதுப்பணித் துறையை உருவாக்கினார். அரசே பணம் போட்டு, அரசே ஆள் வைத்து, அரசே கணக்குப் பார்க்கும் வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஆனால் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பணி இந்த ஒழுங்குக்குள் வரவே இல்லை. ரயில் வேறு வழியில் வந்தது.

இங்கிலாந்தில் ரயில்பாதை என்பது முழுக்க முழுக்கத் தனியார் தொழில். நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி நிலம் எடுக்க அனுமதி கொடுக்கும். லாபமோ நஷ்டமோ பங்கு வாங்கியவர் பாடு. அதே முறையை இந்தியாவுக்குக் கொண்டுவர 1840-களின் நடுவில் லண்டனில் சில கம்பெனிகள் முளைத்தன. கல்கத்தாவிலிருந்து வடமேற்கே போக ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, பம்பாயிலிருந்து உள்நாட்டுக்குப் போக கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, சென்னைக்கு மெட்ராஸ் ரயில்வே. அறிவிப்பு வந்த வேகத்தில் பணம் வரவில்லை. ஆறாயிரம் மைல் தள்ளி, மழையும் வெள்ளமும் எப்படி வருமென்று தெரியாத ஊரில், சரக்கு எவ்வளவு ஏறும் என்ற கணக்கும் இல்லாத பாதையில் பணத்தை முடக்க லண்டன்காரர்கள் தயங்கினார்கள். 1847-ல் லண்டன் பணச்சந்தையே ஆட்டம் கண்டது. சென்னைக்கென்று 1845-ல் தொடங்கிய முதல் கம்பெனி ஒரு தண்டவாளம்கூடப் போடாமல் கலைந்துபோனது.

கம்பெனிகள் கேட்டது ஒன்றே ஒன்று: போட்ட முதலுக்குக் குறைந்தபட்ச வட்டியை இந்திய அரசு ஏற்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் நீண்ட நாள் பேரம் பேசிவிட்டுக் கடைசியில் 5 சதவீதத்துக்கு இறங்கி வந்தார்கள். 1849 ஆகஸ்ட் 17 அன்று முதல் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மெட்ராஸ் ரயில்வே மறுபடி உருவெடுத்து 1850-களின் தொடக்கத்தில் அதே வரிசையில் சேர்ந்துகொண்டது.

இந்த ஒப்பந்தத்தின் உள்ளே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அதில்தான் இருக்கிறது.

நிலம் இலவசம். 99 ஆண்டு குத்தகை. பங்குதாரர் பணத்தைக் கட்டிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். பாதை முடிந்து வண்டி ஓடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓடத் தொடங்கிய பிறகு வருமானம் 5 சதவீதத்துக்குக் குறைந்தால் குறைவை அரசு நிரப்பும். கூடினால், கூடிய பங்கில் பாதி, அரசு முன்பு கொடுத்த வட்டியைத் திருப்பி அடைக்கப் போகும். மீதிப் பாதி பங்குதாரருக்கு. ரூபாயைப் பவுனாக மாற்ற ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் என்று நிலையான விகிதம். இவை போதாதென்று இன்னொரு ஷரத்து. கம்பெனிக்குத் தொழில் பிடிக்கவில்லையென்றால் ஆறு மாத அறிவிப்பு கொடுத்துப் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, போட்ட முதல் முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அரசுக்குக் கிடைத்தவை இரண்டு. 25 ஆண்டோ 50 ஆண்டோ கழித்துப் பாதையை விலைக்கு வாங்கும் உரிமை ஒன்று, கண்காணிக்கும் உரிமை மற்றொன்று.

டல்ஹௌசி இந்த முறையை மனதார நம்பினார். 1853 ஏப்ரல் 20 தேதியிட்ட அவருடைய புகழ்பெற்ற குறிப்பு, நாட்டின் பெருந்தடங்கள் எப்படிப் போக வேண்டும் என்று வரைந்து காட்டியது. ரயில்பாதை கட்டுவதும் நடத்துவதும் அரசின் வேலையல்ல, கம்பெனிகளின் வேலை. ஆனால் பொதுநலன் கருதி அரசின் கண் அவற்றின் மேல் இருக்க வேண்டும், அந்தக் கண்காணிப்பு தொல்லையாக மாறிவிடக்கூடாது என்பது அவர் நிலை. 5 அடி 6 அங்குல அகலப் பாதை என்ற முடிவும் அவர் காலத்தில் உறுதியானதுதான். அந்தக் குறிப்பு எழுதப்படுவதற்கு நான்கு நாள் முன்புதான் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி ரயில் ஓடியிருந்தது.

கண்காணிப்பு காகிதத்தில் மிகக் கடுமையாக இருந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் அரசு ஓர் ஆலோசகப் பொறியாளரை வைத்தது. சென்னையில் அந்த வேலையை மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த டி. டி. பியர்ஸ் பார்த்தார். பாதையின் தடம், பாலத்தின் வரைபடம், மதிப்பீடு, நிலைய இடம், கட்டணம், கால அட்டவணை எல்லாம் அவர் மேசைக்கு வர வேண்டும். அங்கிருந்து மாகாண அரசுக்கு, பெரிய விஷயமென்றால் கல்கத்தாவுக்கு. லண்டனில் கம்பெனியின் இயக்குநர் குழுவில் அரசின் சார்பில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பிற்காலத்தில் அந்த நாற்காலியில் நெடுங்காலம் இருந்த ஜூலண்ட் டேன்வர்ஸ் ஆண்டுதோறும் எழுதிய ரயில்வே அறிக்கைகள் இன்றும் அந்தக் காலத்துக்கு முதன்மைச் சான்று.

இத்தனை பேர் பார்த்தும் செலவு ஏறிக்கொண்டே போனது. தொடக்கத்தில் மைலுக்கு 8,000 பவுன் ஆகலாம் என்று நினைத்த வேலை, சராசரியாக மைலுக்கு 18,000 பவுன் அளவில் போய் நின்றது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வே பெரும்பாலும் சமவெளியில் ஓடியதால் மற்றவற்றைவிடச் சிக்கனமாகவே முடிந்தது. 1862-ல் அந்தப் பாதை மேற்குக் கரையின் பேப்பூரைத் தொட்டது. வடக்கே கங்கைச் சமவெளியின் அகன்ற ஆறுகளும் மேற்கே மலைச்சரிவும்தான் பணத்தை விழுங்கின. மழையும் மலையும் காரணம் என்று கம்பெனிகள் சொன்னதில் உண்மை உண்டு. 1857 கிளர்ச்சியும் வேலையை நிறுத்தியது. தண்டவாளம் முதல் என்ஜின் வரை பெரும்பாலும் கப்பலேறி வர வேண்டியிருந்தது. ஆனால் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு பெரிய பள்ளம் எஞ்சி நிற்கிறது. அதற்குக் காரணம் ஒப்பந்தத்தின் அமைப்பே என்பது என் துணிபு.

ஆலோசகப் பொறியாளர் மேசையில் ஒரு பாலத்தின் வரைபடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்கக்கூடிய கேள்வி: இது உறுதியாக நிற்குமா, மதிப்பீடு முறையாகப் போடப்பட்டிருக்கிறதா, அனுமதி பெற்றாயிற்றா? இதையே இன்னும் குறைந்த செலவில் முடிக்க வழியுண்டா என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியவர் கம்பெனிக்காரர். பணம் அவருடையதாக இருந்தால் உடைத்துக்கொண்டிருப்பார். 5 சதவீதம் எப்படியும் வரும் என்ற நிலையில் அவருக்கு அந்தக் கவலை இல்லை. கவலைப்பட வேண்டிய அரசுக்கோ பாதையைக் கட்டும் கை இல்லை. மறுத்தால் வேலை நிற்கும், நின்றாலும் வட்டி ஓடும். ஆக, தாமதத்தின் செலவும் அரசின் தலையில், ஒப்புதலின் செலவும் அரசின் தலையில். கண்காணிப்பாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த முடிச்சை அவரால் அவிழ்க்க முடியாது.

நம் காலத்திலும் இது நடந்திருக்கிறது. 1990-களில் மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தில் பங்கு முதலுக்கு 16 சதவீத வருவாய், கட்டணம் டாலர் கணக்கோடு பிணைப்பு, மேலே மத்திய அரசின் எதிர் உத்தரவாதம் எல்லாம் இருந்தன. மாநில மின்வாரியத்தால் தாங்க முடியாமல் 2001-ல் நிலையமே நின்றது. அதை எழுதியவர்கள் 1849-ஐ எடுத்துப் படித்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மேற்கு மலைக்குத் திரும்புவோம். பம்பாயிலிருந்து பூனா போகும் வழியில் போர் காட் என்னும் மலைச்சரிவு. ஏறத்தாழ 16 மைல் நீளத்தில் 1,831 அடி ஏற வேண்டும். 25 சுரங்கங்கள். 1861-ல் அங்கே ஒரே சமயத்தில் 42,000 பேர் வேலை செய்தார்கள். கயிற்றில் தொங்கியபடி பாறையில் துளை போட்டவர்கள் அதில் அடக்கம். முதலில் அந்த வேலையை எடுத்த வில்லியம் ஃபேவியல் என்ற கான்டிராக்டரிடம் கூலி பாக்கி விழுந்தது. 1859 ஜனவரியில் கூலிகள் கொதித்தெழுந்தார்கள், கலவரமாயிற்று, விசாரணை வந்தது, ஃபேவியல் வேலையைக் கைவிட்டார். அடுத்து எடுத்த சாலமன் டிரெட்வெல் அந்த ஆண்டே, மலைக்கு வந்த சில வாரங்களில் இறந்தார். ஒப்பந்தத்தைக் கைவிடாமல் அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஏற்று, பொறியாளர்களை வைத்து முடித்துக் கொடுத்தார். 1863 ஏப்ரலில் பாதை திறந்தது. பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃபிரியர் வந்து திறந்து வைத்தார். காலராவிலும் பாறைச் சரிவிலும் மாண்ட கூலிகளுக்கு ஒழுங்கான கணக்கே இல்லை. லண்டன் பங்குதாரரின் வட்டிக்கு அரசின் உத்தரவாதம் இருந்தது, மலையில் தொங்கியவரின் கூலிக்கு இல்லை. கூலித் தகராறுகளைத் தீர்க்க 1860-ல் ஒரு சட்டம் வந்தது. அது தகராறை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பியதே தவிர கூலிக்கு யாரையும் பொறுப்பாக்கவில்லை.

நான்கு ஆண்டுதான் போயிற்று. 1867 ஜூலை, மழைக்காலம். போர் காட் சரிவில் மௌ-கி-மல்லி பள்ளத்தாக்கின் மேல் நின்ற உயரமான கல் பாலம் இடிந்து விழுந்தது. அதன் வரைபடம் முறைப்படி எல்லா மேசைகளையும் கடந்து வந்த வரைபடம். குறை கட்டுமானத்தில் இருந்தது. வெளியே செதுக்கிய கல் முகப்பு அழகாக நிற்க, உள்ளே கல்லும் காரையும் சரியாகப் பிடிக்காமல் கிடந்தன. தேடிப் பார்த்தபோது அதே பாதையின் வேறு பல கல் பாலங்களும் இதே நிலையில் இருப்பது தெரிந்து, பலவற்றைப் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் செலவைக் கம்பெனியின் வருமானத்தில் கழித்தாலும் சரி, முதலோடு சேர்த்தாலும் சரி, பங்குதாரரின் 5 சதவீதத்தில் ஒரு காசு குறையப்போவதில்லை. சுண்ணாம்பு அரைக்கும் இடத்தில் நின்று பார்க்க வேண்டிய அக்கறையைக் கோப்பில் போடும் கையெழுத்தால் ஈடுகட்ட முடியுமா?

ரயிலில் இப்படியென்றால், இதே முறையைத் தண்ணீருக்கும் போட்டுப் பார்த்தார்கள். காவிரியிலும் கோதாவரியிலும் அரசுப் பொறியாளராகச் சாதித்த ஆர்தர் காட்டன், துங்கபத்திரையிலிருந்து கால்வாய் வெட்டலாம் என்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார். அதற்காக லண்டனில் மெட்ராஸ் இரிகேஷன் கம்பெனி உருவானது. 10 லட்சம் பவுனுக்கு 5 சதவீத உத்தரவாதம். கர்நூலுக்கு மேலே சுங்கேசுலாவில் அணை கட்டி, கடப்பை வரை 190 மைல் கால்வாய். பணம் தீர்ந்தது, கால்வாய் முடியவில்லை. 1866-ல் அரசு மேலும் 6 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. ஒருவழியாக 1871-ல் முடிந்தபோது தண்ணீர் வந்தது, அதை வாங்க ஆள் வரவில்லை. கரிசல் நிலத்தில் சோளம் விதைப்பவருக்கு நல்ல மழை ஆண்டில் கால்வாய்த் தண்ணீர் தேவையில்லை. தஞ்சை, கோதாவரி டெல்டாவின் நெல் விவசாயியை மனதில் வைத்துப் போட்ட கணக்கு ராயலசீமையில் பொருந்தவில்லை. 1882-ல் அரசே அந்தக் கால்வாயை விலைக்கு வாங்கிக்கொண்டது. காட்டன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இந்தத் திட்டத்தில் அவருடைய நம்பிக்கை அவருடைய அளவீட்டை முந்திவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

1869 தொடக்கத்தில் உத்தரவாத ரயில்பாதைகள் 4,000 மைலைத் தாண்டியிருந்தன. வருமானம் போக, வட்டிக் குறைவை நிரப்ப அரசு கஜானாவிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடலாகாது: நிலவரி, உப்புவரி, அபினி. ரயிலைக் கண்ணால் பார்க்காத குடியானவரும் உப்பு வாங்கும்போது லண்டன் பங்குதாரருக்கு வட்டி கட்டினார். பதவி முடிந்து புறப்படும் தறுவாயில், 1869 ஜனவரியில், கவர்னர் ஜெனரல் ஜான் லாரன்ஸ் எழுதிய குறிப்பு விஷயத்தை உடைத்துச் சொன்னது. லாபமெல்லாம் கம்பெனிக்கு, நஷ்டமெல்லாம் அரசுக்கு. அரசு இதைவிட மலிவாகத் தானே கடன் வாங்கித் தானே கட்டலாம். மூன்று ஆண்டு கழித்து, இந்தியாவின் நிதியமைச்சராக இருந்து ஓய்வுபெற்ற வில்லியம் மாஸி நாடாளுமன்றக் குழுவின் முன் இன்னும் கடுமையாகப் பேசினார். தன் 5 சதவீதம் வரும்வரை, கொடுத்த பணம் பாலமாகிறதா ஹூக்ளி ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பது அந்த முதலாளிக்கு ஒன்றுதான் என்ற பொருளில் அமைந்தது அவர் சாட்சியம்.

லாரன்ஸுக்குப் பின் வந்த மேயோ பிரபு அரசே ரயில்பாதை கட்டும் முறையைத் தொடங்கினார். சிக்கனத்துக்காக 1870-ல் மீட்டர் அகலப் பாதை தேர்வானது. அதன் சுவடு நம் டெல்டாவில் அப்படியே இருந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1860-களின் தொடக்கத்தில் அகலப் பாதையாகத் திறந்த நாகப்பட்டினம்–திருச்சிப் பாதை, கம்பெனி 1874-ல் தென்னிந்திய ரயில்வேயாக மாறிய பின் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. அது அண்மைக் காலத்தில் மறுபடி அகலப் பாதையானதை அந்தப் பக்கத்து மக்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

பழைய ஒப்பந்தங்களை அவ்வளவு எளிதில் உதற முடியவில்லை. பாதையை வாங்கும் உரிமை அரசுக்கு உண்டு என்று சொன்னேன் அல்லவா? விலை எப்படி என்றால், வாங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் லண்டன் சந்தையில் பங்கு விற்ற சராசரி விலை. அரசே 5 சதவீதத்துக்குப் பொறுப்பேற்ற பங்கு, நாட்டில் பொது வட்டி அதைவிடக் குறைவாக இருக்கும்போது, முகமதிப்புக்கு மேலேதான் விற்கும். அதாவது, தான் கொடுத்த உத்தரவாதத்தால் ஏறிய விலையைத் தானே கொடுத்து வாங்க வேண்டிய நிலைக்கு அரசு வந்தது. 1880-ல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயை வாங்கியபோது 100 பவுன் பங்குக்கு 125 பவுன் என்று தீர்ந்தது. கையில் அவ்வளவு பணம் இல்லாததால் 1953 வரை ஆண்டுத் தவணையாகக் கட்ட ஏற்பாடாயிற்று. தென்னிந்திய ரயில்வே 1890-களின் தொடக்கத்தில் அரசுடைமையாயிற்று. பம்பாய்க் கம்பெனி 1900-ல். மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் 1907 இறுதியில் முடிந்து, அதன் பாதைகள் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்கும் தென்னிந்திய ரயில்வேக்கும் பிரிந்தன. மொத்தக் கணக்கில் இந்திய ரயில்வே அரசுக்கு லாபம் காட்டத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டு முடியும்போதுதான்.

1880-களில் ஆப்கானிஸ்தான் போர்ச் செலவும் பஞ்சச் செலவும் நெருக்க, அரசு மறுபடியும் கம்பெனிகளை அழைத்தது. ஆனால் இம்முறை ஒப்பந்தம் வேறு. பாதை முதல் நாளிலிருந்தே அரசின் சொத்து. கம்பெனி அதைக் கட்டி நடத்தும் முகவர். உத்தரவாத வட்டியும் குறைந்தது. 30 ஆண்டு அனுபவம் அந்த ஒரு வரியில் பதிந்திருக்கிறது.

அரசே கடன் வாங்கிக் கட்டுவது என்று வந்த பிறகு, எதற்குக் கடன் வாங்கலாம் என்ற கேள்வி நேராக அரசின் முகத்துக்கு வந்தது. கட்டி முடித்த பத்து ஆண்டுகளுக்குள் தன் வட்டியைத் தானே ஈட்டக்கூடிய பணிதான் கடனுக்குத் தகுந்தது, அதுவே ஆக்கப் பணி என்று வரையறை வகுத்தார்கள். கணக்குப் பார்க்க எளிது. கோதாவரி டெல்டா இதில் தேறும். ஆண்டுக்கு ஆண்டு மழை பொய்க்கும் பல்லாரியும் ராமநாதபுரமும் தேறமாட்டா. விதி நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தபோதே 1876-ல் பருவமழை தவறியது. இரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள். 1880-ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கைக்குப் பின், வட்டி ஈட்டாவிட்டாலும் உயிர் காக்கும் பணிகளுக்கென்று காப்புப் பணி என்ற தனித் தலைப்பு கணக்குப் புத்தகத்தில் ஏறியது. மதுரைச் சீமையின் பெரியாற்றுத் திட்டம் அப்போது கோப்பிலிருந்து மறுபடி வெளியே வந்தது. 1882-ல் அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த பகுதி அந்தத் திட்ட அறிக்கையைப் பற்றியது.